பெயர் ‘பயெர்’ ஆன காலம்

2000ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மாலை ஒன்று. நாங்கள் நடத்திக்கொண்டிருந்த சிற்றிதழின் அடுத்த இதழுக்குரிய படைப்புகள் அனைத்தும் ஒரே கணினிக்குள் இருந்தன. அந்தக் கணினியோ கறுப்புத் திரையின் இடப்பக்க மூலையில் ‘எல்’, ‘ஐ’ என்னும் இரண்டே ஆங்கில எழுத்துகளைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றது. அணைத்துப் போட்டோம். மீண்டும் அதே இரண்டு எழுத்துகள். வெளியே மழை, உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாங்கள் நால்வர். நால்வரில் மூத்தவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், நாங்கள் ஐயா என்றே அழைத்தவர். அவர் மட்டும் கலங்கவில்லை. “ஏதோ சொல்ல வருது. என்னன்னு கேளுங்கப்பா” என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. கணினி உயிர்பெற்றதும் விண்டோஸுக்குப் போவதா, லினக்ஸுக்குப் போவதா என்று கேட்டு வழிவிடும் சிறு நிரலுக்கு அந்நாளில் லைலோ என்று பெயர். ஆங்கிலத்தில் நான்கெழுத்து. அந்த நிரல் தன் வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தன் பெயரில் ஓரெழுத்தைத் திரையில் இடும். நான்கும் வந்தால் நலம். இடையில் நின்றால், நின்ற இடமே நோயின் இடம். இரண்டெழுத்தோடு நின்றால், இரண்டாம் கட்ட நிரலை அது ஏற்றிவிட்டது, ஆனால் இயக்க முடியவில்லை என்று பொருள். லைலோ கோப்புகளைப் பெயரால் அறியாது. வன்தட்டில் அவை கிடக்கும் இடத்தின் எண்ணால் மட்டுமே அறியும். முந்தைய நாள் தட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று கோப்பொன்றை இடம் மாற்றி வைத்திருந்தோம். வீடு மாறியவர் புது முகவரி சொல்லாமல் போனதுபோல் ஆயிற்று.

இவ்வளவையும் விளக்கும் ஆவணம் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது; பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவிபோல. நல்லவேளையாக, நாங்கள் லினக்ஸை நிறுவப் பயன்படுத்திய குறுந்தகட்டிலும் அது இருந்தது. 1990களின் பிற்பகுதியில் பிசிகுவெஸ்ட் என்னும் ஆங்கிலக் கணினி இதழ் லினக்ஸ் குறுந்தகடுகளை இணைப்பாக வழங்கிவந்தது. எங்களுடையது அவ்வாறு வந்ததே. மழையில் நனைந்தபடி அதை எடுத்துக்கொண்டு ஓர் இணைய நிலையத்துக்குச் சென்று, ஆவணத்தைப் படித்து, அங்கேயே ஒரு ஃப்ளாப்பியில் மீட்பு நிரலை எழுதிக்கொண்டு திரும்பினோம். ஃப்ளாப்பியின் துணையால் கணினியை எழுப்பி, கோப்பைப் பழைய இடத்தில் வைத்து, லைலோவை மீண்டும் ஒருமுறை இயக்கினோம். நான்கெழுத்தும் வந்தன. இதழும் வந்தது.

மேசைக்கணினியில் லினக்ஸின் வரலாற்றைப் பெரும்பாலோர் வெளியீடுகளின் வரிசையாக எழுதுகிறார்கள். இந்த ஆண்டில் இந்தப் பதிப்பு, அந்த ஆண்டில் அந்த வசதி என்று அது நீளும். அதையே பழுதுகளின் வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒவ்வொரு பழுதின் பின்னாலும் யாரோ சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும், ஒவ்வொரு தீர்வின் பின்னாலும் யாரோ எழுதிவைத்த ஒரு பக்கமும் இருப்பதைக் காண்கிறோம்.

அச்சுப்பொறியில் தொடங்கிய வழக்கு

இந்த வரலாற்றின் தொடக்கமே ஒரு பழுதுதான். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாக அளித்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அங்கிருந்த நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன், முன்பிருந்த பொறிக்கு இதே சிக்கல் வந்தபோது, தாள் சிக்கியதும் அச்சுக்காகக் காத்திருப்பவர் திரையில் செய்தி வரும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தவர். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் இட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

தாள் சிக்குவது இயந்திரத்தின் குறை, எவரும் மன்னிக்கக்கூடியது. திருத்தத் தெரிந்தவனைத் திருத்தவிடாமல் தடுத்தது ஸ்டால்மனின் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அவர் அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் தரலாம் என்பது அதன் கொள்கை. அதையே இன்று தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒரு இயக்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அந்தக் கருவும் க்னூவின் கருவிகளும் சேர்ந்தே நாம் லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் அமைப்பு ஆயின. கருவின் முதலாம் பதிப்பு 1994 மார்ச்சில் வெளிவந்தது.

அதுவரை அது கறுப்புத் திரையில் கட்டளை தட்டுபவர்களின் உலகம். எளிய பயனருக்கு ஒருங்கிணைந்த சாளரச் சூழல் வேண்டும் என்று 1996 அக்டோபரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் அழைப்பு விடுத்தார். அவ்வாறு பிறந்த கேடீஇ 1998 ஜூலையில் முதற்பதிப்பைக் கண்டது. அது சார்ந்திருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் அன்று முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. அதனால் 1997 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டினரான மிகேல் டி இகாசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். எங்கள் கணினியில் இரண்டும் இருந்தன. எதில் நுழைவது என்று வாரம் ஒரு வழக்கு நடக்கும்.

திரை, தொலைபேசி, மின்சாரம்

ஆனால் சாளரத்துக்குள் நுழைவதற்கே அன்று திரையின் சாதகம் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ஃப்ரீ86 என்னும் வரைகலை அமைப்பு, கணினித் திரையின் கிடைமட்ட, செங்குத்து அலைவரிசை எல்லைகளை நம்மிடம் கேட்கும். தவறாகச் சொன்னால் பழைய வகைத் திரைகள் பழுதடையக்கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் வரும். திரையோடு வந்த சிறு கையேடு எவர் வீட்டில் பத்திரமாக இருந்தது? எங்களுடையது பழைய தாள்களோடு எடைக்குப் போய்விட்டது. குறைந்த எண்களில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தோம். ஒரு கட்டத்தில் திரை சன்னமாகச் சீழ்க்கையடித்தது. அத்தோடு கீழிறங்கினோம்.

அடுத்தது தொலைபேசி வழி இணையம். 1990களின் இறுதியில் கணினிகளோடு மலிவாக வந்த உள்மோடம்கள் உண்மையில் பாதி மோடம்களே. ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றும் வேலையின் பெரும்பகுதியைச் செய்யத் தனிச் சில்லு வைக்காமல், விண்டோஸில் ஓடும் ஒரு நிரலிடம் அதை விட்டிருந்தார்கள். அதனாலேயே விலை குறைந்தது. ‘வின்மோடம்’ என்ற பெயரும் அதனாலேயே வந்தது. அந்த நிரல் செய்வது என்னவென்று வெளியே சொல்லப்படாததால், லினக்ஸில் அந்த அட்டை வெறும் தகடு. வெளியே வைத்து இணைக்கும் முழு மோடம் வாங்க எங்களிடம் பணமில்லை. ஓராண்டு காலம் விண்டோஸில் இணையத்தைத் தொட்டு, லினக்ஸுக்கு வேண்டிய விளக்கங்களை ஃப்ளாப்பியில் எடுத்து, மறுபடி தொடங்கி, இந்தப் பக்கம் வந்து படித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது எதிரியை யாரும் மறைத்து வைத்திருக்கவில்லை. அது மின்வெட்டு. அன்றைய இஎக்ஸ்டி2 கோப்பு முறைமையில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மறுபடி தொடங்கும்போது தட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டும். அது தேநீர்க் கடைக்குப் போய்த் திரும்பும் நேரம் எடுக்கும். சில நாள்களில் சோதனை பாதியில் நின்று, இனி நீயே பார் என்று நம்மிடம் ஒப்படைத்துவிடும். பெயர் இழந்த கோப்புகளை அது ‘தொலைந்ததும் கிடைத்ததும்’ என்று பொருள்படும் ஓர் அடைவில் எண்களை மட்டும் இட்டுப் போட்டுவைக்கும். எங்கள் நண்பர் ஒருவரின் நெடுங்கவிதை அவ்வாறு ஐந்திலக்க எண்ணாகக் கிடைத்தது. தலைப்பைவிட எண் பொருத்தமாக இருப்பதாக ஐயா சொன்னார். கவிஞர் இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை.

2001 நவம்பரில் கருவின் 2.4.15 பதிப்பில் இஎக்ஸ்டி3 சேர்ந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே உரிய இடத்தில் எழுதும் முறை அது. இடையில் மின்சாரம் போனால் குறிப்பேட்டை மட்டும் பார்த்து ஒழுங்கு செய்துகொள்ளும். உள்ளே இருப்பதை அழிக்காமலே பழைய தட்டை ஒரே கட்டளையில் புதிய முறைக்கு மாற்ற முடிந்தது. அதன் பிறகு மின்சாரம் போனால் மெழுகுவத்தியை மட்டும் தேடினோம்.

2004 அக்டோபரில் மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியில் உபுண்டு வெளிவந்தபோது இவற்றில் பல தொல்லைகள் முடிவுக்கு வந்தன. கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011 வரை அந்த வழக்கம் நீடித்தது. திரையின் அலைவரிசையை இனி யாரும் நம்மிடம் கேட்கவில்லை. ஆனால் எங்களுடைய தலையாய பழுது அப்போதும் தீரவில்லை. அது தமிழ்.

படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்

1990களின் இறுதியில் பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் இணையத்தில் கூடி விவாதித்து உருவாக்கியது திஸ்கி என்னும் குறியேற்றம். ‘கொ’ என்று எழுத வேண்டுமானால் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அது மூன்றையும் சேமிக்கும். எழுத்துரு ஒன்றிருந்தால் போதும். கணினிக்குத் தமிழ் இலக்கணம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. லினக்ஸிலும் அது உடனே வேலை செய்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பலவற்றை நாங்கள் அவ்வாறுதான் படித்தோம். ஐயாவும் தம் கதைகளைத் திஸ்கியிலேயே தட்டச்சு செய்தார்.

ஆயினும் திஸ்கியில் எழுதியதைப் படிக்க எதிரில் இருப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. அதில் சேமிப்பு ஒலிக்கும் வரிசையில் நடக்கிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது, திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. அன்றைய லினக்ஸ் நிரல்களில் பலவற்றுக்கு அது தெரியாது. சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். விளைவு, ‘பெயர்’ என்று எழுதினால் ‘பயெர்’ என்று தெரிந்தது. ‘செயல்’, ‘சயெல்’ ஆயிற்று. ‘கொ’ என்பது ககரமும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்த கொம்பும் காலுமாக நின்றது.

இந்தப் பழுதின் இயல்பு முன் சொன்னவற்றிலிருந்து வேறானது. மோடம் ஓடவில்லை என்றால் உலகில் எவருக்கும் அது தெரியும். திரை இருண்டால் குழந்தைக்கும் தெரியும். ‘பயெர்’ என்பது தவறு என்று தெரிய ஒருவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிரலை எழுதியவர் தம் ஊரில் இருந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தவை வளைவும் சுழியுமான அழகிய உருவங்கள். இந்த இயந்திரம் எந்தப் பிழைச்செய்தியும் தரவில்லை. லைலோவைப் போல எந்த எழுத்தோடும் நிற்கவில்லை. தவறாக எழுதிவிட்டு, எல்லாம் சரி என்ற முகத்தோடு இருந்தது.

ஒருமுறை அத்தகைய நிரல் ஒன்றை எழுதியவருக்கு நாங்கள் முறையிட்டோம். இரண்டு படங்களை இணைத்தோம்: ஒன்று திரையில் தெரிந்தது, மற்றொன்று அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அவர் மறுமொழியில் மிகுந்த மரியாதையோடு, இரண்டில் எது சரியானது என்று கேட்டிருந்தார். முதலில் சிரித்தோம். பிறகு வெட்கினோம். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? ஐயா உட்கார்ந்து, எந்த உயிர்க்குறி எழுத்தின் எப்பக்கம் நிற்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் ஒரு பக்கம் எழுதினார். நாங்கள் அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினோம். அடுத்த பதிப்பில் கொம்பு முன்னால் வந்து நின்றது. ஐயா நாற்பதாண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். இயந்திரத்துக்கும் அறிவித்துவிட்டேன் என்று பிறகு பலமுறை சொல்லிக்கொண்டார்.

இந்த வேலையைத் தனித்தனி நிரல்களில் செய்யாமல் ஓரிடத்தில் செய்யும் ஏற்பாடும் வளர்ந்துவந்தது. 2002 மார்ச்சில் வந்த ஜிடிகே இரண்டாம் பதிப்பில் எழுத்துகளை வரைய பேங்கோ என்னும் நூலகம் சேர்ந்தது. ‘எல்லாம்’ என்னும் கிரேக்கச் சொல்லையும் ‘மொழி’ என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்த பெயர் அது. க்யூடியின் மூன்றாம் பதிப்பு வரிசையும் இந்திய எழுத்துகளை அறிந்துகொண்டது. கேடீஇயையும் க்னோமையும் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். கோப்பு, அடைவு, சாளரம், அமர்வு என்று திரை பேசத் தொடங்கியது. 2004இல் ரெட்ஹாட் நிறுவனம் லோஹித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி மட்டும் சிறிது காலம் முரண்டு பிடித்தது. லினக்ஸில் அதன் மூலத் தொகுப்பு பேங்கோவைப் பயன்படுத்தாததால் தமிழ்ப் பக்கங்கள் உடைந்தே தெரிந்தன. சில வழங்கல்கள் பேங்கோவைச் சேர்த்துத் தொகுத்துத் தந்தன. அதில் உலாவியின் வேகம் குறைவதாகக் கண்ட ஆங்கிலப் பயனர்கள், பேங்கோவை முடக்கிவிடும் வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் வேகத்துக்காக அணைத்துவைத்த விளக்கில்தான் நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் திரையில் எதுவும் உடையவில்லை. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தத் தொல்லை நீங்கியது.

பின்னர் அப்பொறுப்பை ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம் ஏற்றது. அதை முன்னின்று உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். இடத்துக்கு இடம் உருமாறும் எழுத்துகளைத் தாய்மொழியில் கொண்டவர். திறந்த எழுத்து என்னும் பொருள்பட அவர் இட்ட பாரசீகப் பெயர் அது. இன்று ஆண்ட்ராய்டு கைபேசியிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், லிப்ரெஓஃபிஸிலும் தமிழ் எழுத்தைக் கோத்துத் தருவது அதுவே. லினக்ஸ் என்ற சொல்லையே கேட்டறியாத ஒருவர் கைபேசியில் ‘பெயர்’ என்று சரியாகப் படிக்கும்போது, அதன் பின்னே பலர் பல மொழிகளில் சொன்ன குறைகளும் இருக்கின்றன.

இரண்டு உறைகள்

ஐயா 2016இல் காலமானார். சில மாதங்கள் கழித்து அவர் மகள் எங்களிடம் இரண்டு உறைகளைத் தந்தார். ஒன்றில் அவர் வீட்டில் தட்டச்சு செய்த கதைகள், திஸ்கியில். மற்றொன்றில் எங்கள் இதழின் தொடக்க கால இதழ்கள், கணினி அச்சகத்தார் கோத்துத் தந்தவை. இரண்டையும் இன்றைய கணினியில் திறந்தால் ஒரே மாதிரியான ஐரோப்பியக் கிறுக்கல்கள்.

முதல் உறைக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. திஸ்கியின் அட்டவணை உலகறிய வெளியிடப்பட்டது. அதை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் லினக்ஸின் அடிப்படை நூலகத்திலேயே, ஐகான்வ் என்னும் கட்டளையின் பின்னே, பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரே வரி தட்டினோம். முப்பத்தொரு கதைகளும் ஒவ்வொன்றாகத் தமிழாயின. அச்சேறாத நான்கு கதைகள் அவற்றில் இருந்தன.

இரண்டாம் உறை அவ்வாறு திறக்கவில்லை. அச்சகத்தார் பயன்படுத்திய எழுத்துருவின் குறியேற்றம் அதைச் செய்தவர்களின் தனிச்சொத்து. அட்டவணையை அவர்கள் வெளியிடவில்லை. இப்போது கேட்க அவர்களும் இல்லை. அச்சிட்ட இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று சுவடி ஒப்பிடுபவர்களைப்போல் ஒவ்வொன்றாகக் குறித்து அட்டவணை செய்தோம். ஏழு மாதம் ஆயிற்று. கரையான் அரித்து அச்சுப்படியும் கிடைக்காத ஓர் இதழில், நான்கு குறிகளின் பொருள் இன்றுவரை துலங்கவில்லை. அந்த இடங்களில் புள்ளி வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் பொறியின் முன் ஸ்டால்மன் நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம் என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் எங்களிடம் இருந்தது எங்கள் இதழ். எங்களால் படிக்க முடியாத எங்கள் இதழ்.

அன்று செய்த அட்டவணையைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டோம். அதே அச்சகத்தில் இதழ் கோத்த வேறு யாருக்கேனும் அந்த ஏழு மாதம் மிச்சமாகலாம்.

இன்று லினக்ஸில் நாங்கள் பழுது பார்ப்பது அரிது. ஆனால் கதை தொடங்கிய கறுப்புத் திரைக்கு இன்னும் தமிழ் வரவில்லை. கருவின் உரைத்திரை அதிகபட்சம் 512 எழுத்துருவங்களை மட்டுமே ஏற்கும். எழுத்தைக் கோக்கவும் அதற்குத் தெரியாது. சாளரத்துக்குள் திறக்கும் கட்டளை முனையங்களிலும் பலவற்றில் கொம்பும் எழுத்தும் கட்டத்துக்குள் அடங்காமல் மோதிக்கொள்கின்றன. ஐயாவின் அச்சேறாத கதைகளில் ஒன்றின் தலைப்பு ‘பெயர்’. கோப்புக்கும் அதையே இட்டிருக்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் முனையத்தில் பட்டியலிட்டால் அது இன்றும் பிசகியே தெரிகிறது. முறையீடு எழுதி வைத்திருக்கிறோம். இம்முறையும் இரண்டு படங்கள் இணைத்து, எது சரியானது என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறோம்.